ஹாங்காங்கில் ஒரே ஒரு நாள்: மலையுச்சியா, படகா, கேபிள் காரா, தீவா?

ஹாங்காங் வழியாக வேறோர் ஊருக்குப் போகிறவர்கள், அலுவல் முடிந்து ஒரு நாள் கூடுதலாகத் தங்குகிறவர்கள், பெற்றோரையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு முதன்முறையாக வருகிறவர்கள் என்று பலரும் என்னிடம் கேட்பது ஒரே கேள்வியைத்தான். ஒரு நாள் கையில் இருக்கிறது. விக்டோரியா பீக் எனப்படும் மலையுச்சிக்கு ஏறுவதா, துறைமுகத்தில் படகேறி நகரைச் சுற்றுவதா, லந்தாவ் தீவின் பெரிய புத்தரைப் பார்ப்பதா, கார்கள் ஓடாத சிறு தீவு ஒன்றில் பகலைக் கழிப்பதா? நான்கையும் ஒரே நாளில் திணிக்க முயன்ற உறவினர்களுடன் நானும் அலைந்திருக்கிறேன். மாலையில் அவர்களுக்கு மிஞ்சியது கால் வலியும், வரிசையில் நின்ற நினைவும்தான். ஆகவே ஒன்றைத் தேர்ந்தெடுத்து, மற்றதை விட்டுவிடும் துணிவு வேண்டும். எதை விடுவது என்பதற்குத்தான் இந்த ஒப்பீடு.

## எவற்றை வைத்துத் தீர்மானிப்பது

முதலில் வானத்தைப் பார்க்க வேண்டும். இந்த ஊரின் புகழ்பெற்ற காட்சிகளில் பாதி, மேகம் இறங்கிவிட்டால் இல்லாமலே போய்விடும். பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை மூடுபனி, கோடையில் கனமழையும் புயலும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை தெளிந்த வானம் என்பது பொதுவான கணக்கு.

அடுத்தது முழங்கால். உடன் வருகிறவர்களில் மிக மெதுவாக நடப்பவரின் கால்களை வைத்தே திட்டமிட வேண்டும். மூன்றாவதாக, பயண நேரத்தோடு வரிசையில் நிற்கும் நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்; சுற்றுலா இணையதளங்கள் பெரும்பாலும் இதைச் சொல்வதில்லை. நான்காவது பணம். ஒரு ஹாங்காங் டாலர் பத்து ரூபாய்க்குச் சற்று மேல் என்று வைத்துக்கொண்டால் கணக்கு எளிதாகும். ஐந்தாவது, சைவ உணவு வேண்டுவோருக்கு அது எங்கே கிடைக்கும் என்பது. இறுதியாக, என் பார்வையில் எல்லாவற்றையும்விட முக்கியமானது, அந்த அனுபவம் இந்த ஊருக்கே உரியதா என்பது. உயரமான கட்டடத்திலிருந்து விளக்குகளைப் பார்ப்பதைச் சிங்கப்பூரிலும் துபாயிலும் செய்யலாம். ஹாங்காங்கில் மட்டுமே வாய்ப்பது எது என்று கேட்டால் தேர்வு எளிதாகிறது.

| | செலவு (ஒருவருக்கு, போக வர) | நேரம் | எதனால் கெடும் | கால்களுக்கு | சைவ உணவு |
|---|---|---|---|---|---|
| மலையுச்சி | பீக் டிராமில் ஏறத்தாழ 100 டாலர்; பேருந்தில் அதில் கால் பங்கு | அரை நாள் | மூடுபனி, வரிசை | எளிது | நகரிலேயே சாப்பிட்டுவிட்டுப் போவது நல்லது |
| படகும் டிராமும் | 20 டாலருக்குள் | 2 மணி நேரம் முதல் ஒரு நாள் வரை | புயல் | டிராமின் மாடிப்படி மட்டும் சிரமம் | சிம் ஷா சுயில் தாராளம் |
| பெரிய புத்தர் | கேபிள் காரில் 200 டாலருக்கு மேல். பேருந்தில் மிகக் குறைவு | முழு நாள் | பலத்த காற்று, மேகம், பராமரிப்பு நாள்கள் | 268 படிகள் | மடத்திலேயே கிடைக்கும் |
| வெளித்தீவு | கிழமையையும் படகையும் பொறுத்து, ஏறத்தாழ 30 முதல் 90 டாலர் | முக்கால் நாள் | ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், மழை | நடை அதிகம் | கவனம் தேவை |

கட்டணங்கள் அவ்வப்போது உயர்பவை என்பதால், இவற்றை ஒன்றோடொன்று ஒப்பிடுவதற்கான அளவாக மட்டும் கொள்ளவும்.

## மலையுச்சி: வானம் இடம் கொடுத்தால் மட்டும்

552 மீட்டர் உயரமுள்ள விக்டோரியா மலையில், 396 மீட்டர் வரை பீக் டிராம் ஏறுகிறது. கம்பிவடம் இழுத்துச் செல்லும் இந்த வண்டி 1888ஆம் ஆண்டு மே மாதம் ஓடத் தொடங்கியது. இப்போது ஓடும் ஆறாம் தலைமுறைப் பெட்டிகள் 2022இல் வந்தவை. செங்குத்தான சரிவில் ஏறும்போது பக்கத்திலுள்ள கட்டடங்கள் சாய்ந்து நிற்பதுபோலத் தோன்றும். ஏறும்போது வலப்பக்க இருக்கை கிடைத்தால் நகரம் முழுவதும் அந்தப் பக்கம்தான் விரியும்.

உச்சியில் நின்று பார்க்கும்போது, அழகைத் தாண்டி ஒன்று விளங்குகிறது. தெற்கே இந்த மலையும் வடக்கே எதிர்க்கரையான கவுலூனின் குன்றுகளும் காற்றைத் தடுக்க, நடுவே ஆழமான நீர் தேங்கி நிற்கிறது. கப்பல்கள் ஏன் இங்கே ஒதுங்கின, ஊர் ஏன் இங்கே எழுந்தது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. அதே இடத்தில் இன்னொரு வரலாறும் உண்டு. 1904இல் இயற்றப்பட்ட ஒரு சட்டம் சீனர்கள் இந்த மலைமேல் குடியிருப்பதைத் தடுத்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான் அது நீக்கப்பட்டது. டிராமின் முன்வரிசை இருக்கைகள் ஆளுநருக்காக ஒதுக்கப்பட்டிருந்த காலமும் இருந்தது.

இதன் குறை மூடுபனி. ஒரு மார்ச் மாதத்தில் என் தாயாரை அழைத்துச் சென்றபோது, கீழே வெறும் மப்பாகத்தான் இருந்தது. மேலே சென்றதும் எதிரே வெள்ளைச் சுவர் ஒன்றே நின்றது. அரை மணி நேரம் காத்திருந்து, கட்டணத்தையும் காலையையும் இழந்து இறங்கினோம். அதற்குப் பிறகு நான் கடைப்பிடிக்கும் சோதனை எளியது. கவுலூன் கரையிலுள்ள சிம் ஷா சுய் கடற்கரை நடைபாதையில் நின்று, எதிர்க்கரையில் சென்ட்ரல் பகுதியிலுள்ள இரண்டாம் ஐ.எஃப்.சி. கோபுரத்தைப் பார்க்க வேண்டும். அதன் உயரம் 412 மீட்டர். மலை மேலுள்ள டிராம் நிலையத்தின் உயரமும் ஏறத்தாழ அதுவே. கோபுரத்தின் தலை மேகத்துக்குள் மறைந்திருந்தால் மலையுச்சியும் மறைந்திருக்கிறது என்று பொருள். அன்றைக்கு வேறு திட்டம் போட்டுவிடலாம்.

மறைமுகச் செலவுகள் இரண்டு. சூரியன் மறையும் நேரத்தில் மேலே இருக்க வேண்டும் என்று எல்லாரும் ஒரே சமயத்தில் கிளம்புவதால், வார இறுதியிலும் விடுமுறை நாள்களிலும் ஏறுவதற்கும் இறங்குவதற்கும் நீண்ட வரிசையில் நிற்க நேரும். இரண்டாவது, டிராம் சீட்டோடு சேர்த்து விற்கப்படும் மொட்டைமாடிப் பார்வைத்தளத்தின் கட்டணம். அது கட்டாயமில்லை. நிலையத்திலிருந்து புறப்படும் லுகார்டு சாலையும் ஹார்லெக் சாலையும் சேர்ந்து, உச்சியைச் சுற்றி ஏறத்தாழ 3.5 கிலோமீட்டர் வளையமாக அமைந்திருக்கின்றன. மேடுபள்ளம் அதிகமில்லாத, தளமிட்ட பாதை அது. வழியில் சீமை ஆலின் விழுதுகளைக் கடந்து போனால், பணம் கொடுத்துப் பார்க்கும் காட்சியைவிடச் சிறந்த காட்சி இலவசமாகக் கிடைக்கிறது.

சென்ட்ரலிலிருந்து 15ஆம் எண் மாடிப்பேருந்தும் மேலே வருகிறது. மலைப்பாதை வளைவுகளில் வயிற்றைப் பிரட்டுகிறவர்கள் அதைத் தவிர்க்க வேண்டும். மற்றவர்கள் டிராமில் ஏறி, வரிசையைத் தவிர்க்கப் பேருந்தில் இறங்குவதே என் பரிந்துரை. தெளிந்த வானமுள்ள குளிர்காலக் காலையில், எட்டு மணியளவில் ஏறக்கூடியவர்களுக்கு மலையுச்சியே முதல் தேர்வு. மற்ற நாள்களில் அதன் புகழை நம்பி ஏற வேண்டாம்.

## படகும் டிராமும்: மிகக் குறைந்த விலையில் துறைமுகம்

பீக் டிராம் தொடங்கிய அதே 1888இல்தான், டோராப்ஜி நவ்ரோஜி என்ற பார்சி வணிகர் கவுலூன் ஃபெரி கம்பெனியை நிறுவினார். 1898இல் அது ஸ்டார் ஃபெரி என்று பெயர் பெற்றது. கடலடிச் சுரங்கச் சாலை 1972இலும், எம்.டி.ஆர். எனப்படும் மெட்ரோ ரயில் அதற்குப் பின்னரும் வரும்வரை, ஹாங்காங் தீவுக்கும் கவுலூனுக்கும் இடையே சாதாரண மக்களின் அன்றாட வழியாக இருந்தது இந்தப் படகுதான். 1966இல் இதன் முதல் வகுப்புக் கட்டணத்தை 20 காசிலிருந்து 25 காசாக உயர்த்த அனுமதி கொடுத்தபோது, படகுத்துறையில் ஓர் இளைஞர் உண்ணாநோன்பு தொடங்கினார்; அதிலிருந்து கிளர்ந்த போராட்டம் தெருக் கலவரமாகவே மாறியது. ஐந்து காசுக்காக ஒரு நகரம் கொதித்தது என்றால், அந்தப் படகு அவர்கள் வாழ்வில் எவ்வளவு ஊறியிருந்தது என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

இன்றும் ஒரு பயணத்துக்கு 10 டாலருக்குக் குறைவாகவே ஆகிறது. ஆக்டோபஸ் என்ற பயணக் கட்டண அட்டையைத் தட்டிவிட்டு இறங்கினால், பச்சையும் வெள்ளையும் பூசிய இரட்டைத்தளப் படகு ஆடிக்கொண்டு நிற்கும். இதற்கு முன்பின் என்ற வேறுபாடு கிடையாது. போகும் திசைக்கேற்ப மர இருக்கைகளின் முதுகுப்பலகையை மறுபக்கம் சாய்த்துக்கொள்கிறார்கள். படகு துறையைத் தொடும்போது, மாலுமிச் சட்டை அணிந்த ஊழியர் நீண்ட கொக்கிக்கம்பால் தடித்த வடத்தை வாங்கித் தூணில் மாட்டுவதைப் பார்க்கலாம். மேல்தளம் சற்று விலை கூடியது, காட்சி அகலமானது. எனக்குப் பிடித்தது கீழ்த்தளம்தான். எந்திரத்தின் அதிர்வு பாதத்தில் தெரியும், டீசல் வாடை வரும், அலை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். பத்து நிமிடத்துக்குள் அக்கரை வந்துவிடுகிறது. அது போதவில்லை என்று தோன்றினால், அதே விலைக்குத் திரும்பி வரலாம். சிம் ஷா சுயிலிருந்து வான்ச்சாய்க்கும் ஒரு தடம் உண்டு.

அக்கரையில் இறங்கியபின் ஹாங்காங் தீவின் வடகரையோரம் தெருவில் ஓடும் டிராமைப் பிடிக்க வேண்டும். 1904இலிருந்து ஓடும் இதை, அது எழுப்பும் மணியோசையால் ‘டிங் டிங்’ என்றே ஊரார் அழைக்கிறார்கள். சென்னையில் 1953இல் நின்றுபோன டிராமைப் பற்றித் தாத்தாக்கள் சொல்லக் கேட்டவர்களுக்கு, இது மாடியோடு உயிருடன் ஓடுவது தனி மகிழ்ச்சி தரும். பின்வாசலில் ஏறி, மாடியின் முன்வரிசையைப் பிடித்து, எவ்வளவு தூரம் போனாலும் ஏறத்தாழ 3 டாலர்தான் என்ற ஒரே கட்டணத்தை இறங்கும்போது முன்வாசலில் செலுத்த வேண்டும்.

மேற்கே கருவாடும் உலர்ந்த கடலுணவும் விற்கும் தெரு, 1906இல் கட்டிய செங்கல் சந்தை, பிறகு வங்கிக் கோபுரங்கள், வான்ச்சாயின் பழைய மாடிவீடுகள் என்று காட்சி மாறிக்கொண்டே வரும். ‘நார்த் பாயின்ட்’ என்று பலகையிட்ட வண்டியில் ஏறினால், இறுதியில் அது சுன் யுங் தெருவின் காய்கறிச் சந்தைக்குள்ளேயே நுழைந்து போகும். கூடைகளைத் தாண்டி மக்கள் ஒதுங்க, வண்டி ஊர்ந்து செல்லும்.

இந்தத் தண்டவாளத்தின் பெரும்பகுதி, 1904இல் இருந்த கடற்கரையை ஒட்டியே போடப்பட்டது. இன்று அங்கிருந்து தண்ணீரைப் பார்க்கவே முடியாது. இடையில் உள்ளதெல்லாம் கடலைத் தூர்த்துப் பெற்ற நிலம். சென்ட்ரலின் பழைய படகுத்துறையும் அப்படியே 2006இல் மூடப்பட்டு, மணிக்கூண்டோடு இடிக்கப்பட்டது. அதைக் காக்கப் பலர் போராடியும் பயனில்லாமல் போயிற்று. ஆகவே படகிலிருந்து டிராமுக்கு நீங்கள் நடக்கும் பத்து நிமிட மேம்பாலப் பாதையே, இந்தத் துறைமுகம் ஒரு நூற்றாண்டில் எவ்வளவு சுருங்கியது என்பதற்கான அளவுகோல். இதைத் தெரிந்துகொண்டு நடந்தால் அந்த நடை அலுப்பதில்லை.

மறைமுகச் செலவு என்று பார்த்தால், டிராமின் குறுகிய வளைந்த படிகள் முதியோருக்குக் கடினம். அவர்கள் கீழ்த்தளத்தில் அமரலாம், ஆனால் காட்சி குறையும். குளிர்சாதனமும் பெரும்பாலும் கிடையாது என்பதால், ஜூன் முதல் செப்டம்பர் வரை நண்பகலில் ஏறக் கூடாது. புயல் எச்சரிக்கை எட்டாம் எண்ணுக்கு உயர்ந்தால் படகு, டிராம் இரண்டும் நின்றுவிடும்.

இரவு எட்டு மணிக்குத் துறைமுகத்தின் இரு கரைகளிலும் நடக்கும் ஒளி நிகழ்ச்சியைப் பலர் கேட்கிறார்கள். 2004 முதல் நடக்கும் அது பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்; அதற்காக மாலையைக் கட்டிவைக்கத் தேவையில்லை. அந்த நேரத்தில் கடற்கரையில் இருந்தால் பாருங்கள். இல்லாவிட்டால், கட்டடங்களின் வழக்கமான விளக்குகளுக்கு நடுவே படகில் வருவதே நிறைவானது.

உணவுக்குக் கவலையில்லை. சிம் ஷா சுயில் தென்னிந்திய சைவ உணவகங்கள் உண்டு. நேதன் சாலையிலுள்ள சுங்கிங் மேன்ஷன்ஸ் கட்டடத்தில் தெற்காசிய உணவு எல்லா விலையிலும் கிடைக்கும். நவரத்தின வணிகத்துக்காக வந்த காயல்பட்டினத்தார் தலைமுறைகளாக வாழும் பகுதி இது. ஆகவே தெருவில் தமிழ் காதில் விழுந்தால் வியக்க வேண்டாம்.

## லந்தாவின் பெரிய புத்தர்: நாள் முழுவதையும் கேட்கும் பயணம்

விமான நிலையத்துக்கு அருகிலுள்ள துங் சுங்கிலிருந்து, புத்தர் இருக்கும் நொங் பிங் வரை 5.7 கிலோமீட்டர் நீளும் கேபிள் கார், ஏறத்தாழ 25 நிமிடம் கடலுக்கும் மலைக்கும் மேலாகச் செல்கிறது. 2006இல் தொடங்கிய இதிலிருந்து விமான நிலையத்தின் ஓடுபாதைகள் விரிந்து தெரியும். மறுமுனையில் 34 மீட்டர் உயர வெண்கலப் புத்தர், 1993இல் நிறைவுபெற்றவர், 268 படிகளுக்கு மேல் வீற்றிருக்கிறார். அடியில் 1906இல் தோன்றிய போ லின் மடம்.

சைவ உணவு வேண்டுவோருக்கு இந்த மடம் ஒரு கொடை. பௌத்த முறைப்படி சமைப்பதால் புலாலோடு வெங்காயமும் பூண்டும்கூடச் சேராது. சிப்பிச்சாறு கலந்திருக்குமோ என்ற ஐயமின்றிச் சீனச் சமையலைச் சுவைக்க, ஊரிலேயே இதைவிட நிம்மதியான இடம் அரிது. மடத்திலிருந்து சிறிது நடந்தால், 2005இல் அமைக்கப்பட்ட ஞானப் பாதை வரும். இதய சூத்திரம் என்ற பௌத்த நூலைச் செதுக்கிய 38 மரத்தூண்கள் மலைச்சரிவில் நிற்கின்றன. எழுத்து, அறிஞர் ஜாவ் சுங்-யீயின் கைவண்ணம். புத்தரைப் பார்த்ததும் திரும்பிவிடுகிற கூட்டம் அங்கே வருவதில்லை.

இதன் மறைமுகச் செலவுதான் நான்கிலும் பெரிது. கேபிள் கார் பலத்த காற்றில் நின்றுவிடும். பராமரிப்புக்காக முன்னறிவித்த நாள்களிலும் ஓடாது. கிளம்பும் முன் அவர்களுடைய அட்டவணையைப் பார்க்காதவர்கள் துங் சுங் வரை வந்து திரும்ப நேரிடும், அல்லது வளைவுகள் நிறைந்த சாலையில் 23ஆம் எண் பேருந்தைப் பிடிக்க வேண்டும். மேலே இறங்கும் இடத்தில் நினைவுப்பொருள் கடைகளாக ஒரு ‘கிராமம்’ கட்டியிருக்கிறார்கள். அதைக் கடந்துதான் போக வேண்டும், நிற்க வேண்டியதில்லை. கண்ணாடித் தரையுள்ள பெட்டிக்குக் கூடுதல் கட்டணம் உண்டு. உயரத்துக்கு அஞ்சுகிற ஒருவர் குழுவில் இருந்தாலும் அது வீண் செலவு.

ஆனாலும் இதுவே சிறந்த தேர்வாக அமையும் ஒரு சூழல் உண்டு. அடுத்த விமானத்துக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது, நகருக்குள் போய்வர மனமில்லை என்றால், பெட்டிகளை விமான நிலையத்திலேயே ஒப்படைத்துவிட்டு எஸ்1 பேருந்தில் துங் சுங்குக்கு வந்துவிடலாம். இரண்டாம் முறை வருகிறவர்களும், நொங் பிங்கிலிருந்து 21ஆம் எண் பேருந்தில் தை ஓ சென்று, நீர்மேல் கால்நட்டு நிற்கும் மீனவர் வீடுகளையும் பார்த்து வருவதானால், நாள் முழுவதையும் இதற்குக் கொடுக்கலாம்.

## வெளித்தீவுகள்: நகரத்தைப் பார்த்து முடித்தவர்களுக்கு

சென்ட்ரலின் 5ஆம் துறையிலிருந்து ச்சியுங் சாவுக்கும், 4ஆம் துறையிலிருந்து லம்மாவுக்கும் படகுகள் போகின்றன. இரண்டிலும் கார்கள் இல்லை. பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கு ச்சியுங் சாவ் ஏற்றது. மிதிவண்டி, கடற்கரை, 1783இல் கட்டப்பட்ட பாக் தாய் கோயில் எல்லாம் நடக்கும் தூரத்தில் இருக்கின்றன. சாதாரணப் படகு ஏறத்தாழ ஒரு மணி நேரம் எடுக்கும். விரைவுப் படகைவிட அதுவே நல்லது, ஏனெனில் வெளியே நின்று சரக்குக் கப்பல்களுக்கு நடுவே துறைமுகத்தை விட்டு விலகுவதைப் பார்க்கலாம்.

நடக்க விரும்புகிறவர்களுக்கு லம்மா. யுங் ஷூ வானில் இறங்கி, தளமிட்ட குன்றுப்பாதையில் ஒன்றரை மணி நேரம் நடந்து சொக் கு வானில் படகேறலாம். அங்கிருந்து படகுகள் குறைவு. ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததற்குக் கடலுணவுக் கடைகளின் வாசலில் நெடுநேரம் காத்திருக்க வேண்டும். மீன் உண்பவர்களுக்கு அது தண்டனையாகத் தெரியாது; சைவர்கள் கையில் உணவு கொண்டுபோவதே முறை.

ச்சியுங் சாவில் ஆண்டுக்கொரு முறை இந்தக் கணக்கு தலைகீழாகும். பெரும்பாலும் மே மாதத்தில் வரும் பன் திருவிழாவின்போது தீவினர் புலால் தவிர்த்து நோன்பிருப்பார்கள். உணவகங்கள் பலவும் சைவத்துக்கு மாறிவிடும். நள்ளிரவில் பன்கள் அடுக்கிய கோபுரத்தில் ஏறும் போட்டி, 1978இல் கோபுரம் சரிந்து பலர் காயமடைந்ததால் நிறுத்தப்பட்டு, 2005இல் மீண்டும் தொடங்கியது. காணத் தகுந்த விழாதான்; ஆனால் அன்றைய கூட்டத்தில் திரும்பும் படகைப் பிடிப்பது பெரும்பாடு. குழந்தைகளையும் முதியோரையும் அழைத்துப் போகக் கூடாது. ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டணமும் நெரிசலும் இரண்டுமே கூடும். தீவுக்கு வார நாளே ஏற்றது.

## கட்டணச் சுற்றுப்படகு பற்றி ஒரு வார்த்தை

சிவப்புப் பாய் கட்டிய மரக்கலங்களில் முக்கால் மணி நேரம் துறைமுகத்தைச் சுற்றிக் காட்டுகிறார்கள். கட்டணம் ஸ்டார் ஃபெரியைப் போலப் பல மடங்கு. நகர்த்துவது பெரும்பாலும் எந்திரமே. மண நாள் போன்ற ஒன்றைக் கொண்டாடுகிறவர்களும், பலமுறை ஏறி இறங்க இயலாதவர்களும் இதை எடுக்கலாம். மற்றவர்களுக்குத் தேவையில்லை.

## இரண்டை இணைப்பதானால்

மலையுச்சியும் படகும் நன்றாக இணையும்: காலை எட்டு மணிக்கு பீக் டிராமில் ஏறி, லுகார்டு சாலையில் நடந்து, பேருந்தில் இறங்கி, பிற்பகலில் சிம் ஷா சுயில் சாப்பிட்டு ஓய்வெடுத்து, இருட்டியபின் படகேறலாம். தீவும் படகும் இணையும், ஏனெனில் தீவுப் படகு திரும்புவது சென்ட்ரலுக்கே; 7ஆம் துறைக்கு நடந்தால் ஸ்டார் ஃபெரி. பெரிய புத்தரோடு மலையுச்சியை இணைப்பதைத்தான் கட்டாயம் தவிர்க்க வேண்டும். இரண்டுமே உயரம், இரண்டுமே வரிசை, இரண்டையும் ஒரே மேகம் கெடுக்கும்.

மழை நாளில் வந்து மாட்டிக்கொண்டவர்கள், புயல் எச்சரிக்கை இல்லாதவரை, டிராமின் மாடியில் கென்னடி டவுனிலிருந்து ஷாவ் கெய் வான் வரை போகலாம். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், சன்னலில் நீர் வழிய நகரம் நகரும். இரவு பதினொன்றரை வரை படகு ஓடுகிறது. கடைசிப் படகுகளில் கூட்டம் இருக்காது. கீழ்த்தளத்தில் வேலை முடிந்து வீடு திரும்பும் ஒருசிலரோடு உட்கார்ந்து வரலாம்.